கோட்டின் மேல் உட்கார்ந்த புள்ளிகள்

மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டால் போதும், எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஓர் இளம் அம்மா பட்டியல் போட்டுவிடுகிறாள். வீட்டிலேயே பிள்ளைகளோடு செய்யக்கூடிய அறிவியல் விளையாட்டுகளாம். வெந்தயத்தை முளைக்க வை, பலூனைத் தலையில் தேய், மழையை பாட்டிலில் பிடித்து அள. உடனே வரிசையாகக் கைதட்டல் படங்கள். நான் மட்டும் ஒன்றும் போடுவதில்லை. "ஆன்ட்டிக்கு இதெல்லாம் புடிக்காது போல" என்று ஒருத்தி லிஃப்டில் கேட்டேவிட்டாள். பிடிக்காமல் என்னம்மா, நீ பிறப்பதற்கு முன்னாலேயே இதையெல்லாம் கரைத்துக் குடித்தவள் நான் என்று வாய் வரை வந்தது. சிரித்து வைத்தேன்.

அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். நாமெல்லாம் ஒரே செட்டு. ஐம்பதைத் தொடப் போகிறோம், மூக்குக் கண்ணாடி வந்தாகிவிட்டது, சர்க்கரை மாத்திரையும் வந்தாகிவிட்டது. இனிமேல் மூடி வைத்து என்ன ஆகப்போகிறது? கேட்டுவிட்டு என்னைத் திட்டினாலும் திட்டுங்கள்.

மந்தைவெளியில் ஒரு சந்துக்குள் ஐந்து போர்ஷன் கொண்ட வீடு. எங்களுடையது கடைசி போர்ஷன்: ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு, இரண்டுக்கும் நடுவே ஆள் படுக்கிற அளவுக்கு ஒரு நடை. எனக்கு ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. தம்பிக்கு ஐந்து, யூகேஜி. அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். அப்பா நந்தனம் பக்கம் ஒரு காலேஜில் பிசிக்ஸ் லேப் அசிஸ்டென்ட். பி.எஸ்சி. முடித்துவிட்டு மேலே படிக்க வழியில்லாமல் அந்த வேலையில் சேர்ந்தவர். காலேஜ் பையன்கள் ஆசிரியர்களை "சார்" என்பார்கள், அப்பாவை "அண்ணே" என்பார்கள். அந்த "சார்" ஆகாத ஏக்கத்தையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை எங்கள் மேல் இறக்கி வைத்தார்.

பாவம், எங்களுக்கு அது ஏக்கம் என்றெல்லாம் தெரியாது. திருவிழா என்றுதான் நினைத்தோம். இட்லி சாப்பிட்டு முடித்ததும் நடையில் பழைய பேப்பரை விரிப்பார். அதுதான் எங்கள் லேப். செம்பருத்தியைக் கசக்கிய சாற்றில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் ரோஸாகும், சோப்புத் தண்ணீர் விட்டால் பச்சையாகும். பக்கத்துத் தெருவில் வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் நூல் கட்டிய காந்தத்தை இழுத்துக்கொண்டு போனால் கறுப்பாக, மயிர் மயிராக இரும்புத்தூள் ஒட்டிக்கொண்டு வரும். அதைக் காகிதத்தில் கொட்டி அடியில் காந்தத்தை ஓட்டினால் எழுந்து நடக்கும். தம்பி அதைக் கம்பளிப்பூச்சி என்றே முடிவு கட்டிவிட்டான். அதற்குச் சோறு வைக்க வேண்டும் என்று அழுது, அப்பா ஒரு பருக்கையைக் காகிதத்தின் ஓரத்தில் வைத்த பிறகுதான் அடங்கினான்.

வெளியே போனாலும் விட மாட்டார். பஸ் டிக்கெட்டில் இருக்கிற எண்களைக் கூட்டச் சொல்வார். பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிஷத்தில் எத்தனை பஸ், எத்தனை ஆட்டோ என்று கோடு போட்டு எண்ணச் சொல்வார். தீபாவளித் துணி எடுக்க பாண்டி பஜார் போனபோதும் அதேதான். "இந்தக் கடையிலேர்ந்து அந்தக் கடைக்கு எத்தினி அடி? மொதல்ல கண்ணால சொல்லு. அப்பால காலால அள." அம்மா நடுரோட்டில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். "துணி எடுக்க வந்தோமா, ரோடு போட வந்தோமா? இன்னா மனுஷன்யா நீ!" சொல்லிவிட்டுச் சிரித்தாள். அம்மா அப்படிச் சிரிப்பாள் என்பதை நான் இன்று யாரிடமாவது சொன்னால் நம்ப மாட்டார்கள்.

எதைச் செய்தாலும் கடைசியில் அது கிராஃபில்தான் போய் முடியும். காலேஜில் மிஞ்சிய கிராஃப் தாள்களைக் கொண்டுவருவார். இளம்பச்சையில் கண்ணைப் பறிக்கிற குட்டிக் குட்டிக் கட்டங்கள். வெந்தயச் செடி தினம் எவ்வளவு வளர்ந்தது, ஜாம் பாட்டிலில் எவ்வளவு மழை விழுந்தது, எல்லாம் புள்ளியாகும். புள்ளிகளுக்கு நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு. நன்றாக வந்த தாளுக்கு மூலையில் சிவப்பு பென்சிலால் ஒரு நட்சத்திரம். ரொம்ப நன்றாக வந்தால் லேபில் கொண்டுபோய் ஒட்டுவார். எனக்கு ஏழு நட்சத்திரம் இருந்தது. லேபுக்குப் போன தாள் ஒன்றுகூட இல்லை.

அவர் சொல்லித் தந்த விதிகளில் ஒன்று எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. "எல்லாப் புள்ளியும் ஒரே சீரா போய்க்கினு இருக்கும்போது ஒண்ணு மட்டும் எங்கியோ தனியா நின்னுச்சுன்னா, அது கை தப்பு. நீ சரியா பாக்கலன்னு அர்த்தம். திரும்ப எடு."

ஒரு சனிக்கிழமை என்னை லேபுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பிராக்டிகல் பரீட்சை நெருங்குகிற நேரம். ஒரு பையன் வியர்த்து வழிந்தபடி நின்றான். அவன் போட்ட ஏழு புள்ளியில் இரண்டு கோட்டுக்கு வெளியே நின்றன. அப்பா எட்டிப் பார்த்தார், சுற்றுமுற்றும் பார்த்தார், அவன் ரப்பரை வாங்கி இரண்டையும் அழித்து, கோட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் கொடுத்தார். "வெளியிலேர்ந்து வர்ற எக்ஸ்டர்னல் இதத்தான் பாப்பாரு. போ, போ." பையன் அப்பாவின் கையைப் பிடித்து "தெய்வம்ணே நீங்க" என்றான். எனக்கு அன்றைக்கு அவ்வளவு பெருமை. கோட்டுக்கு வராத புள்ளியைக் கோட்டுக்குக் கொண்டுவருகிறவர் என் அப்பா.

அந்த மழைக்காலத்துக்கு வருகிறேன். கார்த்திகையில் ஒரு வாரம் விடாமல் கொட்டியது. சந்தில் முழங்கால் தண்ணீர், பள்ளிக்கூடம் லீவு. தம்பியும் நானும் காகிதக் கப்பல் விட்டு, எது சீக்கிரம் மூழ்குகிறது என்று நோட்டில் குறித்தோம். ஞாயிற்றுக்கிழமை அவனுக்குச் சளி. சாயங்காலம் உடம்பு சுட்டது. திங்கட்கிழமை விடிந்ததும் தெருமுனை டாக்டரிடம் அம்மா தூக்கிக்கொண்டு போனாள். அவர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டுச் சொன்னதை அம்மா வந்து அப்பாவிடம் அப்படியே ஒப்பித்தாள்.

"தினம் மூணு வேளை ஜுரம் பாத்து எழுதி வெக்கணுமாம். நூத்தி மூணு தாண்டிச்சுன்னா ஒரு நிமிஷம்கூட நிக்காம எக்மோர் பெரியாஸ்பத்திரிக்கு ஓடணுமாம். மருந்து குடுத்தா கொஞ்ச நேரம் எறங்கும், அத வெச்சு ஏமாறாதீங்கன்னாரு."

அப்பா உடனே ஒரு கிராஃப் தாளை எடுத்தார். "வாம்மா, இதான் இந்த வாரத்து பிராஜெக்ட்."

"ஜுரத்துலகூடவா?" என்றாள் அம்மா.

"எழுதித்தானே வெக்கணும்? அத அழகா எழுதறோம். புள்ளைக்கும் பயம் போவும்."

உண்மையைச் சொன்னால், தம்பிக்குப் பயம் போகத்தான் செய்தது. தெர்மாமீட்டரை அக்குளில் வைத்ததும் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு படுத்திருப்பான். எடுத்ததும் "எவ்ளோ?" என்பான். நூற்றி இரண்டு என்று அப்பா சொன்னதும் அவன் கண் விரிந்தது. "நூத்துக்கு நூத்தி ரெண்டாப்பா?" அது மார்க் என்று நினைத்துவிட்டான். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். யாரும் அவனைத் திருத்தவில்லை.

திங்களும் செவ்வாயும் அப்பா லீவு. காலை எட்டு, மதியம் பன்னிரண்டு, சாயங்காலம் ஏழு. எப்படி உதறுவது, எப்படி வெளிச்சத்தில் திருப்பிப் பாதரசத்தின் நுனியைப் பார்ப்பது எல்லாம் எனக்குச் சொல்லித் தந்தார். செவ்வாய் ராத்திரி ஆறு புள்ளிகள். நூற்றி இரண்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி நூற்றி ஒன்றுக்கு வந்திருந்தது. அப்பா ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். அதே கோட்டை விட்டு விட்டுப் புள்ளிக்கோடாக மேலும் நீட்டினார். "பாரு, இப்படியே போச்சுன்னா வெள்ளிக்கெழமை நார்மல். இதுக்குப் பேரு கணிப்பு." தாளைத் தூக்கிப் பிடித்து ரசித்தார். "இது முடிஞ்சா நேரா லேப் போர்டுக்குத்தான் போவுது. புரொஃபசர்கிட்டயே காட்டறேன், எம்பொண்ணு போட்டதுன்னு."

புதன்கிழமை லீவு நீட்ட முடியவில்லை. காலேஜில் பிராக்டிகல், வெளியிலிருந்து பரீட்சை நடத்த வருகிறார்கள். அம்மாவுக்கும் லீவில்லை. மழையில் பாதி ஊரின் லைன் செத்துக் கிடந்தது, எக்ஸ்சேஞ்சில் ஆளே பற்றவில்லை. காலையில் இரண்டு பேருக்கும் வாக்குவாதம்.

"சின்னப் பொண்ண நம்பியா புள்ளய உட்டுட்டுப் போறது?" என்றாள் அம்மா.

"பன்னெண்டு மணிக்கு நான் வந்து பாத்துட்டுப் போறேன். நந்தனம் இன்னா வடதுருவத்துலயா கீது? சைக்கிள்ல பத்து நிமிஷம். பக்கத்து மாமிகிட்டயும் சொல்லியாச்சு."

அம்மா எனக்கு மூன்று தடவை சொன்னாள்: மாமி வீட்டில் போன் இருக்கிறது, எக்ஸ்சேஞ்ச் நம்பர் காலண்டரில் எழுதியிருக்கிறது, ஏதாவது என்றால் உடனே போட்டுவிடு. நான் தலையை ஆட்டினேன்.

பன்னிரண்டு மணிக்கு அப்பா வரவில்லை. பரீட்சை நடத்த வந்தவர் அப்பாவை நகரவிடவில்லை என்று பிற்பாடு தெரிந்தது. நானே தெர்மாமீட்டரை உதறி வைத்தேன். எடுத்து ஜன்னலோரம் திருப்பிப் பார்த்தேன். நூற்றி மூன்றரை.

எனக்கு நூற்றி மூன்று என்றால் என்ன என்று தெரியும். டாக்டர் சொன்னதை அம்மா ஒப்பித்தபோது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் கிராஃப் தாளை எடுத்து அந்த இடத்தில் பென்சிலை வைத்துப் பார்த்தபோது, புள்ளி கோட்டுக்கு மேலே எங்கேயோ அநாதையாக நின்றது. தனியாக நிற்கிற புள்ளி கை தப்பு. திரும்ப எடு. எடுத்தேன். நூற்றி மூன்றே முக்கால். எனக்கு அழுகை வந்துவிட்டது. தம்பியை நினைத்து வந்த அழுகை இல்லை அது. சரியாகப் பார்க்கத் தெரியவில்லையே என்ற அழுகை.

"எவ்ளோக்கா?" என்றான் தம்பி.

பென்சிலைப் புள்ளிக்கோட்டின் மேல் வைத்து அழுத்தினேன். "நூறு புள்ளி எட்டு."

அவன் உதட்டைப் பிதுக்கினான். "நேத்தவிட கம்மியா?"

நாலு மணிக்கு மருந்து கொடுத்தேன். ஏழு மணிக்கு அப்பாவும் அம்மாவும் நனைந்துகொண்டு வந்தபோது அவனுக்கு வியர்த்திருந்தது. அப்பா பார்த்தார், நூறரை. கோட்டுக்குக் கிட்டத்தட்ட சரியாக வந்தது. என் மதியப் புள்ளியைப் பார்த்துவிட்டுத் தலையைத் தடவினார். "பாத்தியா, எம்பொண்ணு எங்க செகண்ட் இயர் பசங்களவிட கெட்டி." மதியம் தன்னால் வரமுடியாமல் போய்விட்டது என்று அம்மாவிடம் அவர் சொல்லவில்லை. என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். சண்டை வேண்டாம் என்றுதான். அந்தச் சின்னக் கள்ளத்தனத்தில் எனக்கும் பங்கு கிடைத்ததில் சந்தோஷம். மதியத்துப் புள்ளி பொய் என்று சொல்ல அந்த ஒரு நிமிஷம்தான் இருந்தது. போய்விட்டது.

வியாழக்கிழமை காலை அவன் எழுந்திருக்கவே இல்லை. தலை வலிக்கிறது என்றான். மருந்து குடித்துப் படுத்திருந்ததால் தொட்டபோது அவ்வளவு சூடில்லை, அப்பா தெர்மாமீட்டர் வைத்தபோதும் நூறரைதான். இன்று ஒரு நாள், நாளைக்கு லீவு போட்டுவிடுகிறேன் என்று அம்மா அவன் நெற்றியில் விபூதி வைத்துவிட்டுப் போனாள். அப்பா பன்னிரண்டு மணிக்குக் கட்டாயம் வருகிறேன் என்றார்.

பத்து மணிக்கு வாந்தி எடுத்தான். ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று அழுதான். ஜன்னலைச் சாத்தினேன். தண்ணீர் குடிக்கத் தலையைத் தூக்கினால் கழுத்து மடங்கவில்லை, கட்டை மாதிரி இருந்தது. பன்னிரண்டு மணிக்கு அப்பா வரவில்லை. தெர்மாமீட்டர் நூற்றி நாலைத் தாண்டி நின்றது. இந்தத் தடவை நான் திரும்பக்கூட எடுக்கவில்லை. நேற்று பொய் எழுதியாகிவிட்டது. இன்று நிஜத்தை எழுதினால் நேற்றையது பொய் என்று தெரிந்துவிடும். ஒன்பது வயதில் அந்தக் கணக்கு மட்டும் எப்படி அவ்வளவு சுத்தமாக வந்தது என்று எனக்கு இன்னமும் புரியவில்லை. புள்ளிக்கோட்டின் மேலேயே வைத்தேன். நூறு. நேற்றையதைப் போலவே கச்சிதமாக உட்கார்ந்தது.

இரண்டு மணி சுமாருக்குப் பக்கத்து போர்ஷன் மாமி ரசஞ்சாதம் கரைத்துக்கொண்டு வந்தாள். அவன் மேல் கையை வைத்தவள் வெடுக்கென்று எடுத்தாள்.

"என்னடி இது, கொழந்தைக்கு உடம்பு இப்படி அனலாக் கொதிக்கறது! இரு, உங்கம்மாவுக்கு ஒரு போன் போட்டுடறேன்."

"வேணாம் மாமி." நான் கிராஃப் தாளை நீட்டினேன். "கொறஞ்சுகினுதான் வருது. பாருங்க."

மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "இது யார் எழுதினது? உங்கப்பாவா?"

தலையை ஆட்டினேன்.

"காலேஜ்ல இருக்கறவர், தெரியாமயா எழுதியிருப்பார். என் கைதான் அடுப்படியிலேர்ந்து வந்ததோ என்னவோ." கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே போய்விட்டாள். கை சொன்னதை நம்பாமல் காகிதம் சொன்னதை நம்பினாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் அன்று பகல் முழுக்க எங்கள் அம்மா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊர்க்காரர்களுக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வரவேண்டிய ஒரே ஒரு போன் வரவில்லை.

ஐந்து மணிக்கு அம்மா வந்து செருப்பைக் கழற்றும்போது தம்பிக்கு வலிப்பு வந்தது. அம்மா போட்ட சத்தத்தில் ஐந்து போர்ஷனும் கூடிவிட்டது. யாரோ ஆட்டோ பிடித்தார்கள். அதே நேரம் சைக்கிளில் வந்து இறங்கிய அப்பாவும் ஏறிக்கொண்டார். என்னை விட்டுவிட்டுப் போக ஆளில்லாமல் என்னையும் உள்ளே தள்ளினார்கள். மழையில் ஆட்டோ இரண்டு இடத்தில் நின்றது. அம்மா அவன் பெயரையே சொல்லிக்கொண்டு வந்தாள். அப்பா எதற்கோ அந்தக் கிராஃப் தாளை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டர். தம்பியின் கழுத்தைத் தூக்கிப் பார்த்தார், முகம் மாறிவிட்டது. "எத்தனை நாளா ஜுரம்? எவ்வளவு இருந்துது?" என்று கத்தினார். அப்பா தாளை எடுத்துக் கொடுத்தார். டாக்டர் பார்த்தார். "கொறஞ்சுகிட்டே வந்துதா? இருக்கவே முடியாதே. நேத்தும் இன்னிக்கும் மத்தியானம் யார் பாத்தது?" தாளை அப்பா கையிலேயே திணித்துவிட்டு உள்ளே ஓடினார்.

அப்பா டியூப்லைட்டுக்குக் கீழே தாளைப் பிடித்துப் பார்த்தார். வருஷக் கணக்காகப் பையன்களின் பொய் ரீடிங்கைப் பார்த்துப் பழகிய கண். நிஜமாக எடுத்த ரீடிங் கோட்டின் மேல் அச்சடித்தாற்போல உட்காராது, அங்கே இங்கே கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும். அவர் எடுத்த புள்ளிகளெல்லாம் தள்ளி நின்றன. என்னுடைய இரண்டும் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தன. புதன்கிழமை ராத்திரியே அது அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். படவில்லை. குறைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்த மனுஷனுக்குக் குறைந்தது என்று எழுதிக் காட்டினால் எப்படிச் சந்தேகம் வரும்?

தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

"யாருங்க பாத்தது?" என்றாள் அம்மா. அவள் குரலே இல்லை அது. "மத்தியானம் நீங்கதானே வந்தீங்க?"

"ஆமா. நான்தான் வந்தேன்," என்றார் அப்பா. "நான்தான் பாத்து எழுதினேன். அக்குள்ல சரியா வெக்கல போலக்கீது."

அம்மா அவரையே பார்த்தாள். "இரும்புத்தூளுக்குக் காட்டின அக்கற எம்புள்ளைக்கு இல்லாமப் போச்சே," என்றாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மூளைக்காய்ச்சல் என்றார்கள். ஒரு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று ஒரு நர்ஸ் சொன்னாள். அவள் சொல்லியிருக்க வேண்டாம். அவன் சனிக்கிழமை மதியம் போய்விட்டான்.

எல்லாம் முடிந்த நாலாம் நாள், துணி காயப்போடும் சாக்கில் அப்பா என்னை மொட்டைமாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் நினைத்தேன். அவர் என் முன்னால் குந்தி உட்கார்ந்து என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார்.

"நீ ஒண்ணும் எழுதல. புரியுதா? நான்தான் எழுதினேன். யார் கேட்டாலும், எப்ப கேட்டாலும்."

"அப்பா, நான்..."

"வாணாம்மா. உங்கம்மாவுக்கு இனிமே நீ ஒருத்திதான். உன்னியும் அவளுக்குப் பாக்கப் புடிக்காமப் பூட்டா, அவளுக்கு யாருமா கீறாங்க?"

எனக்கு நிம்மதியாக இருந்தது. இதைச் சொல்லத்தான் எனக்கு ரொம்ப வெட்கம். தம்பி போன நாலாம் நாள் எனக்கு நிம்மதியாக இருந்தது. மாமி வேறு துக்கம் கேட்க வந்தபோது, "உங்காத்துக்காரர் எழுதின பேப்பரைக் கொழந்தை காட்டினா, அதான் நான் போன் பண்ணலை" என்று அம்மாவிடம் அழுதுவிட்டுப் போனாள். அப்பாவின் பொய்க்குச் சாட்சியும் கிடைத்துவிட்டது. மறுபடி அந்தத் தாளை நான் பார்க்கவில்லை. என்ன செய்தார் என்று கேட்டதும் இல்லை.

அதன் பிறகு எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகள் வெறும் லீவு நாளாகிவிட்டன. நடையில் யாரும் பேப்பர் விரிக்கவில்லை. அம்மா அப்பாவோடு சண்டை போடவில்லை. போட்டிருந்தால் என்றைக்காவது தீர்ந்திருக்கும். பேச்சை நிறுத்திவிட்டாள். "அரிசி தீந்துடுச்சுன்னு அப்பாகிட்ட சொல்லு." "கரண்ட் பில் கட்டியாச்சான்னு கேளு." நடுவில் நான் நின்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டிருந்தேன். தட்டை வைப்பாள், சோற்றைப் போடுவாள், உள்ளே போய்விடுவாள். அப்பா அதைச் சாப்பிட்டுவிட்டுத் தட்டை அவரே கழுவி வைப்பார். என் கல்யாணத்தில்கூட மணவறையில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஐயர் சொன்னதைத் தனித்தனியாகச் செய்தார்கள். உறவுக்காரர்கள் அம்மாவை அழுத்தக்காரி என்றார்கள். அதையும் கேட்டுக்கொண்டு சும்மாதான் இருந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பத்து வயதில் பயம். இருபதில், இத்தனை நாள் கழித்தா என்ற தயக்கம். முப்பதில் எனக்கே ஒரு பிள்ளை பிறந்து, அதற்கு முதல் ஜுரம் வந்தபோது தெர்மாமீட்டரைத் தொட முடியாமல், புருஷனைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒரு தடவை அப்பாவிடம் மெல்ல ஆரம்பித்தேன், "நான் அம்மாகிட்ட சொல்லிடறேம்பா" என்று. "இப்ப எதுக்குமா அதெல்லாம்? ஒனக்குப் புள்ள கீது, பொழப்பப் பாரு" என்று பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அவரே வேண்டாம் என்கிறாரே என்று நானும் விட்டுவிட்டேன். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வார்த்தைதானே. பிடித்துக்கொண்டேன்.

தம்பி போய் இருபத்தாறு வருஷம் அப்படியே ஓடியது. பிறகு ஒரு நாள் காலையில் காபிக்காக உட்கார்ந்தவர் சாய்ந்துவிட்டார்.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போன மறுநாள், அம்மாவும் நானும் மட்டும் இருந்தோம். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அப்பாவுக்காக அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதை நான் பார்க்கவில்லை. அதைத் தாங்க முடியாமல்தான் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு மத்தியானமும் அப்பா வரவே இல்லை என்பதை, நூற்றி மூன்றரையை, நூற்றி நாலை, மாமியிடம் தலையை ஆட்டியதை, மொட்டைமாடியை.

அம்மா கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை. காம்பை மட்டும் ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். கிள்ளிக்கொண்டே கேட்டாள்.

"நீதான்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. ஆஸ்பத்திரிலயே தெரிஞ்சுபோச்சு."

என்னை அறைவாள் என்று எதிர்பார்த்தேன். இல்லை, சின்னப் பிள்ளைதானே நீ என்று கட்டிக்கொள்வாளோ என்றுகூட ஓர் அற்ப ஆசை இருந்தது எனக்கு. அவள் இரண்டையும் செய்யவில்லை. முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த மனுஷன் உசுரோட இருக்கும்போது சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாடி?" என்றாள். "ஒரே ஒரு வேளையாவது அவரு மூஞ்சியப் பாத்து சோறு போட்டிருப்பேனே."